எலிமுகம் படித்தவன்

எலியின் முகத்தைப் பார்த்து அதன் வலியை எடை போடுவது அவன் தொழில். ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்குத் தராசு என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தது. கூடத்தின் தலைவர் முதல் வாயிற்காவலர் வரை எல்லோர் வாயிலும் அவன் தராசுதான். அவனும் அந்தப் பட்டத்தைச் சட்டையில் குத்திய பதக்கம் போல நெஞ்சு நிமிர்த்திச் சுமந்தான்.

பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் வித்தை. பழகினால்தான் அதன் கடுமை புரியும். வலியுள்ள எலி கண்ணை இடுக்கும். கன்னம் உப்பும். காதுகள் பின்னால் சாயும், மீசை மயிர் விறைத்து நிற்கும். அடையாளம் இல்லையென்றால் சுழி, இருந்தால் ஒன்று, அப்பட்டமாக இருந்தால் இரண்டு. கூண்டுக்கு முன்னால் முக்காலியில் அமர்ந்து, மூச்சைக் கூட மெதுவாக விட்டு, அந்தக் குண்டூசித்தலைக் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பான். மற்றவர்கள் தயங்கும் இடத்தில் அவன் தயங்கியதில்லை.

"எலி பேசாது. அதனால பொய் சொல்லாது," என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வான். "பேசுற ஜீவனோட வலியை அளக்கவே முடியாது. வாய் குறுக்க வந்துடும்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான். அதை அவன் நகைச்சுவையாகச் சொன்னதே இல்லை.

கூடத்தில் அப்போது நடந்த ஆராய்ச்சி பெண்களின் நோய் ஒன்றைப் பற்றியது. கருப்பைக்குள் இருக்கவேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று, கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மேல், குடலின் மேல், சிறுநீர்க்குழாயின் மேல் ஒட்டிக்கொண்டு வளரும். உள்ளே இருப்பது மாதந்தோறும் கசிவது போல வெளியே இருப்பதும் கசியும். ஆனால் வடிய வழி இருக்காது. தேங்கிய இடம் அழலும், வீங்கும், பக்கத்து உறுப்போடு பசை தடவியது போல ஒட்டிக்கொள்ளும். எண்டோமெட்ரியோசிஸ் என்பது மருத்துவர்கள் வைத்த பெயர். 'வயித்துவலி' என்பது வீடுகள் வைத்த பெயர். அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டு மூடித்தான் எத்தனையோ பெண்களின் இளமையை இந்த உலகம் மூலையில் உருட்டி வைத்திருக்கிறது. தலை வலிக்கிறது என்று ஆண் சொன்னால் தைலம் வருகிறது. வயிறு வலிக்கிறது என்று பெண் சொன்னால் விசாரணை வருகிறது.

மலைச்சரிவில் முளைக்கும் முட்கொடி ஒன்றின் வேர்ப்பட்டையிலிருந்து கூடத்தார் மஞ்சள் நிறத் தூள் ஒன்றைப் பிரித்தெடுத்திருந்தார்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த நோய்த்திசுவின் மேல் அதைக் கலந்தபோது, அழற்சியைக் கூவி அழைக்கும் சுரப்புகள் அடங்கின. தட்டில் அடங்கியது உடம்பிலும் அடங்குமா? அதைச் சொல்ல எலிகள் வந்தன. பெண் எலிகளின் வயிற்றுக்குள் அந்த நோயை விதைத்து, பாதிக்குத் தூள் கரைத்த எண்ணெயும் மீதிக்கு வெறும் எண்ணெயும் கொடுத்தார்கள்.

பார்வையில் சாய்வு வந்துவிடக் கூடாது என்பதில் தலைவர் கண்டிப்பாக இருந்தார். நீல அறை, சிவப்பு அறை என இரண்டு அறைகள். எந்த அறைக்குத் தூள் போகிறது என்பதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டார். நீல அறை எலிகளுக்குத் தராசு மதிப்பெண் போடுவான். சிவப்பு அறை எலிகளுக்கு ஒரு பெண் ஆய்வாளர் போடுவார். ஒருவர் அறைக்குள் மற்றவர் நுழையக் கூடாது. புதிய வாசனை பட்டால் எலி மிரளும். இப்படி எல்லாச் சன்னலையும் இறுக்கி அடைத்தார்கள். வாசற்கதவை அகலத் திறந்து வைத்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை.

அவன் வீட்டிலும் அதே நோய் குடியிருந்தது, அவன் மனைவியின் வயிற்றில்.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத, இஸ்திரி போட்ட துணி போன்ற குரல். அந்தக் குரலைப் பெண் பார்க்கப் போன நாளில் அவன் தாயார் மெச்சிக்கொண்டார். மணமான புதிதில், வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்த ஒரு நாள், பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு சுவரில் சாய்ந்து அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இவளை ரயில்வேல சேர்த்தது தப்பு. நாடகக் கம்பெனில சேர்த்திருக்கணும். வசூல் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்," என்றார் மாமியார்.

விருந்தினர் சிரித்தார்கள். தராசும் சிரித்தான். அவள் எழுந்து, கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பரிமாறினாள். அதற்குப் பிறகு அவர்கள் முன்னிலையில் அவள் மடிந்ததில்லை. மருமகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று மாமியார் மகிழ்ந்தார். அவளுக்கு வந்தது புத்தியன்று, தற்காப்பு.

தங்கையின் நிலையை முதலில் கண்டுகொண்டது அவளுடைய அக்காள். தையற்கடை நடத்துகிறவள், யாருக்கும் நயந்து பேசிப் பழகாதவள். விடுப்பு நாளொன்றில் தங்கையை இழுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் போனாள். படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் பூசி மெழுகாமல் சொன்னார்: சூலகத்தில் கட்டி, குடலோடு ஒட்டல், இடப்பக்கத்துச் சிறுநீர்க்குழாயையும் ஏதோ இழுத்துப் பிடிக்கிறது, தள்ளிப் போடாமல் அறுவை செய்ய வேண்டும். தேதியும் குறித்துக் கொடுத்தார்.

தேதியோடு அவள் வீட்டுக்கு வந்த அதே வாரத்தில்தான் கூடத்தில் உறை பிரிக்கப்பட்டது. நீல அறைக்குத் தூள்; சிவப்பு அறைக்கு வெறும் எண்ணெய். சிவப்பு அறை எலிகள் வலியில் குறுகிக் கிடக்க, நீல அறை எலிகளின் முகங்கள் பளிங்கு போலத் தெளிந்திருந்தன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"யோவ் தராசு, உன் கண்ணு இந்தக் கூடத்தோட சொத்துய்யா," என்று தலைவர் அவன் தோளில் தட்டினார்.

அன்று மாலை அந்தச் சொத்து, தூள் நிரப்பிய ஒரு பழுப்பு நிறப் புட்டியோடு வீட்டுக்கு வந்தது.

"வயித்தைக் கிழிக்க வேண்டாம். இதைச் சாப்பிடு. நான் என் கண்ணால பார்த்தேன்," என்றான் மனைவியிடம்.

"டாக்டர் தேதி குடுத்திருக்காங்களே."

"அவங்களுக்குக் கத்திதான் தெரியும். கொஞ்ச நாள் பொறு."

"இதையும் சாப்பிடறேன். அதையும் பண்ணிக்கறேன். ரெண்டும் சண்டை போட்டுக்காதே?"

அவளை அவன் ஏறிட்டுப் பார்த்தான். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எதனால் குணம் என்று எப்படித் தெரியும்? எலி எதுவும் இப்படி ஒரு கேள்வியை அவனிடம் கேட்டதில்லை.

மறுநாள் கூடத்திலிருந்து அறுவை மருத்துவரின் அலுவலகத்துக்கு அவனே தொலைபேசினான். மனைவிக்குக் குணமாகிவிட்டது, அறுவை வேண்டாம் என்றான். மாலையில் மனைவியிடம், "ஆஸ்பத்திரில இருந்து பேசினாங்க. இடம் காலியில்லையாம். அவங்களே தள்ளி வச்சுட்டாங்க," என்றான். அவள் நம்பினாள். பொய் சொல்கிறவனைக் கண்டுபிடிக்க அவளிடம் மதிப்பெண் முறை எதுவும் இல்லை.

தூள் தொடங்கியது. காலையிலும் மாலையிலும் எண்ணெயில் குழைத்துக் கொடுப்பான். விழுங்கும்வரை எதிரே நிற்பான். விழுங்கியதும், நாற்காலியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டு அவளை உட்காரச் சொல்வான். பிறகு பார்ப்பான்.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்குது. புதுசா இடது விலாவுக்குக் கீழ ஒரு பாரம்."

"முகத்துல ஒண்ணுமே தெரியலையே."

"வலி முகத்துல இல்லைங்க."

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வரும். "விடுடா. புருஷன் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா எவளுக்குத்தான் குணமாகணும்னு தோணும்?"

தாயும் மகனும் சிரிப்பார்கள். சில நாள் கழித்து அவள் "அப்படியேதான் இருக்கு" என்பதை விட்டு "பரவாயில்லைங்க" என்று சொல்லத் தொடங்கினாள். அதைச் சொன்னால் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளலாம் என்பதைக் கண்டுபிடித்திருந்தாள். அவன் அதை மருந்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டான். சுழி, சுழி, சுழி என்று மனத்துக்குள் போட்டுக்கொண்டான்.

அக்காள் ஒரு நாள் தையற்கடையைப் பூட்டிக்கொண்டு நேரே வந்து நின்றாள்.

"தம்பி, அவ இளைச்சுப் போயிருக்கா. உங்களுக்குத் தெரியலையா?"

"வலி குறைஞ்சிருக்கு அக்கா. தினமும் பார்க்கிறேன்."

"கடைக்கு வந்தா, தைக்கிற மேசைக்குக் கீழ சுருண்டு படுத்துக்கறா. வலி குறைஞ்சவ படுக்கிற இடமா அது?"

"அக்கா வீட்டுல செல்லம் கொஞ்சுனா நானும் மேசைக்கு அடியில படுப்பேன்," என்றார் மாமியார்.

"நீங்க படுத்தா மேசை தாங்காது அத்தை," என்றாள் அக்காள். பிறகு தங்கையைப் பார்த்தாள். தங்கையின் முகம் துடைத்த பலகையாக இருந்தது. அந்த வீட்டில், அந்த மனிதர்கள் முன்னால், அக்காளிடம் கூட அவளால் முகத்தைத் திறக்க முடியவில்லை. "பரவாயில்லக்கா," என்றாள். அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

வெற்றி என்று அவன் கொண்டாடியதற்கு வேட்டு வைத்தவர், கூடத்தின் விலங்கு மருத்துவர். எலிகளின் உடல்நலத்துக்குப் பொறுப்பானவர்; நடுவயதுப் பெண்மணி; தலைவரையே எதிர்த்துப் பேசக்கூடியவர். நீல அறையில் சில எலிகளின் முதுகு மயிரை எதுவோ கடித்து மொட்டையடித்துக்கொண்டிருந்தது. எந்த எலி கடிக்கிறது என்று பார்க்க அவர் மூலையில் ஒரு கேமராவைப் பொருத்தினார். கடிக்கிற எலியைத் தேடியவர் கண்ணில் வேறொன்று பட்டது. தலைவரையும் தராசையும் தம் அறைக்கு வரச்சொல்லி, திரையைத் திருப்பி வைத்தார்.

"இது தராசு உள்ள இருக்கும்போது. முகத்தைப் பாருங்க. சுத்தமா இருக்கு. இப்ப எழுந்து போறார். கதவு சாத்தியாச்சு. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். திரையில் ஓர் எலி மெல்லக் குறுகியது. கண் இடுங்கியது. கன்னம் உப்பியது. பக்கத்துக் கூண்டில் இன்னொன்று, அதற்கடுத்ததில் இன்னொன்று. ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியேறியதும் குனிந்து அழத் தொடங்கும் பிள்ளைகளைப் போல, அந்த அறை முழுவதும் சுருங்கியது.

"அடுத்தது நான் உள்ள போறேன். பாருங்க, மாறல. வலியிலயேதான் இருக்குதுங்க. இப்ப தராசோட அங்கியை மட்டும் நாற்காலி மேல போட்டுட்டு வெளில வந்துட்டேன். ஆளே இல்ல."

யாருமில்லாத அறையில், வெறும் வெள்ளை அங்கியின் முன்னால், எலிகள் ஒவ்வொன்றாக முகத்தைச் சரிசெய்துகொண்டன.

தலைவர் தொண்டையைச் செருமினார். "என்ன சொல்ல வர்றீங்க?"

"ஆம்பளை வாசனை சார். எந்த இனத்து ஆணா இருந்தாலும் சரி. பக்கத்துல ஆண் இருந்தா, அடிபட்ட ஜீவன் அடிபட்டதைக் காட்டிக்காது. காட்டினா ஆபத்து. பயத்துல உடம்பு விறைச்சுப் போகுது. வலி கொஞ்சம் மரத்தும் போகும். நாம அதைக் குணம்னு எழுதிட்டோம். தூள் போன அறையில இவர் உக்காந்திருந்தார். எண்ணெய் போன அறையில ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. அவ முன்னாடி மறைக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப தூள்?"

"தட்டுல செஞ்சது நிஜம். உடம்புல முக்கால்வாசி தங்காமலே வெளியேறிடுது. வேற மாதிரி பக்குவப்படுத்தி, வேற மாதிரி குடுத்து, மறுபடி முதல்ல இருந்து பார்க்கணும். தூள் மேல தப்பில்ல. அளந்தவங்க மேலதான்."

"இதை வெளில சொன்னா ஊரே சிரிக்கும், டாக்டரம்மா."

"சிரிக்கட்டும் சார். சொல்லலைன்னா எவளாவது கத்தியைத் தள்ளி வச்சுட்டுத் தூளைத் தின்னுக்கிட்டு இருப்பா."

தராசுக்கு அவமானம் வந்தது, அச்சமும் வந்தது. ஆனால் இரண்டுக்கும் முன்னால், ஓடி வந்து முதலிடம் பிடித்தது ஆர்வம். வீட்டிலும் இப்படித்தானா என்ற ஆர்வம். நல்லவன் ஒருவனாக இருந்திருந்தால் வீட்டுக்கு ஓடி, மனைவியின் கையைப் பிடித்து, வலிக்கிறதா என்று கேட்டிருப்பான். அவள் சொல்வதை நம்பியிருப்பான். தராசு கேட்கவில்லை. சோதனை வைத்தான்.

அடுத்த விடுமுறை நாளில் முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். கைப்பேசியைப் பதிவில் போட்டு, வீட்டு முன்னறை அலமாரியில் துணி அடுக்குக்கு நடுவே சாய்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினான். தெருமுனைத் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்து திரும்பிவந்து, கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான்.

பதிவு தெளிவாக இருந்தது. கதவு சாத்தும் ஓசை. மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறது. அதுவரை வேலைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள், பெட்டியை நிமிர்த்தி வைக்கிறாள். ஒரு கை சுவரைத் தேடுகிறது. முழங்கால் மடங்குகிறது. தரையில் நெற்றியை ஊன்றி, துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு, ஆடு மாடு கூட அப்படி நிற்காத ஒரு நிலையில் கைகால் ஊன்றி நடுங்குகிறாள். துண்டையும் மீறி ஓர் ஒலி வருகிறது. ரயில் நிலையத்தில் அந்தக் குரலைக் கேட்ட எவனும் இந்த ஒலி அதே தொண்டையிலிருந்து வருகிறது என்று நம்பமாட்டான்.

பிறகு அவன் தாயார் உள்ளே வருகிறார்.

"போயிட்டானா? அப்ப ஆரம்பிச்சாச்சா?"

சொல்லிக்கொண்டே, வழியின் குறுக்கே கிடந்த மருமகளின் காலைத் தாண்டிப் போய்த் தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்துக்கொண்டு, மறுபடியும் தாண்டித் திரும்பிப் போகிறார். பார்க்க ஆளில்லாத மேடையில் எவள் நாடகம் ஆடுவாள் என்ற கேள்வி அந்த அம்மையாருக்கு எழவில்லை.

தராசு பதிவை நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கினான். பழக்கம் விடவில்லை. கண்ணுக்கு இரண்டு. கன்னத்துக்கு இரண்டு. மனிதர்களின் காது பின்னால் சாயாதது அவனுக்கு ஒரு குறையாக இருந்தது.

கீழே இறங்கி வந்து, எலிகள் தன் முன்னால் வலியை மறைத்த கதையைச் சொல்லி, கைப்பேசியை அவளிடம் நீட்டினான். "இதைப் பாரு."

அவள் நின்றபடியே முழுவதும் பார்த்தாள்.

"அத்தை தாண்டிப் போறது நல்லா விழுந்திருக்கு," என்றாள்.

"இப்ப நம்புறேன்."

"முடி வெட்டலையா?"

"அதுவா இப்ப முக்கியம்? ஏன் என் முன்னாடி காட்டல?"

"காட்டினேன். கல்யாணமான புதுசுல. நீங்க சிரிச்சீங்க."

"ஒரே ஒரு தடவை."

"எலிக்கு எத்தனை தடவை வேணும்?"

அவனுக்குப் பதில் தெரியும். ஒரு தடவை போதும்.

"வாயாலயும் சொன்னேன்," என்றாள் அவள். "இடுப்புன்னு சொன்னேன், காலுன்னு சொன்னேன், விலாவுக்குக் கீழ பாரம்னு சொன்னேன். போன் சொன்னா நம்புறீங்க. நான் சொன்னா முகத்தைப் பார்க்கிறீங்க."

"தப்புதான். இப்பவாவது தெரிஞ்சுதே. அதை நினைச்சுப் பாரு."

நன்றியை எதிர்பார்த்துத்தான் நின்றான். தவறு செய்தவன் திருந்தியதற்கும் பாதிக்கப்பட்டவளே பாராட்டு விழா நடத்தவேண்டும் என்று நம்பும் இனம் அது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற எதுவும் பேச வேண்டாம்," என்றாள்.

அக்காளும் வந்து சேர்ந்துகொள்ள, மறுநாளே சேர்த்தார்கள். படம் எடுத்தவர்கள் மீண்டும் எடுத்தார்கள். அறுவைக்கூடத்துக்குள் குறித்த நேரத்தைவிட வெகுநேரம் அவளை வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் மாமியார், ஆஸ்பத்திரி மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கண்விழித்துத் தெளிந்த பிற்பகலில் அறுவை மருத்துவர் வார்டுக்கு வந்தார். கட்டிலின் ஒருபுறம் அக்காள், கால்மாட்டில் தராசு. மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"ஒரு சூலகத்தை எடுக்க வேண்டியதாயிடுச்சும்மா. குடல்ல ஒட்டியிருந்ததைப் பிரிச்சுட்டோம். இடது சிறுநீரகத்தைக் காப்பாத்த முடியல. குழாயை நெருக்கிக்கிட்டே வந்து, சிறுநீர் இறங்க வழியில்லாம, உள்ளுக்குள்ளயே வீங்கிச் செத்துப்போச்சு. பெரும்பாலும் அது சத்தம் போடாம சாகும். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"விலாவுக்குக் கீழ பாரமா இருந்துச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவள் கால்மாட்டுப் பக்கம் திரும்பவில்லை. "சொன்னேன்."

மருத்துவர் பெருமூச்சு விட்டார். "முதல்ல குடுத்த தேதிக்கே வந்திருந்தா குழாயை விடுவிச்சு சிறுநீரகத்தைக் காப்பாத்தியிருக்கலாம். ஏம்மா வேண்டாம்னு சொன்னீங்க?"

"நானா? நீங்கதானே தள்ளி வச்சீங்க டாக்டர். இடம் காலியில்லைன்னு."

"நாங்களா? அந்த நாள் பூரா உங்களுக்காக வச்சிருந்தேனே. உங்க வீட்டுக்காரர்தான் போன் பண்ணார். குணமாயிடுச்சு, ஆபரேஷன் தேவையில்லைன்னு சொன்னதா ஆபீஸ்ல சொன்னாங்க."

அக்காள் எழுந்து நின்றாள். அவள் கை தங்கையின் தோளில் இருந்ததால்தான் வேறு எங்கும் போகவில்லை.

"நல்லாத்தான் இருந்தா டாக்டர்," என்றான் தராசு. "நான் தினமும் ரெண்டு வேளையும் பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"முகம்."

மருத்துவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

தராசு கட்டிலை நெருங்கினான். "உன் கஷ்டம் வீண் போகல. கூடத்துல முறையையே மாத்துறாங்க. இனிமே ரெண்டு அறையும் பெண்கள்தான் பார்க்கப் போறாங்க. அந்தத் தூளையும் புதுசா பக்குவப்படுத்தி மறுபடி சோதிக்கப் போறாங்க. என்னைக்காவது ஒரு நாள் எத்தனையோ பேருக்கு..."

"டாக்டர்," என்றாள் அவள். ஏற்ற இறக்கமில்லாத குரல். வண்டி மேடை மாறுகிறது என்று பயணிகளுக்குச் சொல்லும் அதே குரல். "இனிமே என் உடம்பைப் பத்தி எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. நான் மயக்கத்துல இருந்தா எங்க அக்காகிட்ட சொல்லுங்க. இவர் போன் பண்ணா எடுக்க வேண்டாம்."

"சரிம்மா."

"நான் இங்க இருந்து அக்கா வீட்டுக்குப் போறேன்," என்று கணவனிடம் சொன்னாள். "வந்து பார்க்காதீங்க. எப்படி இருக்குன்னு யார்கிட்டயும் கேக்காதீங்க. குணமானாலும் உங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"நான் யாரோ எவனோவா? உன் புருஷன்."

"அதனாலதான் இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆச்சு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வேறு எதையும் பார்க்கத் தெரியாதவன் வேறென்ன செய்வான்? கண் திறந்திருந்தது. கன்னம் தளர்ந்திருந்தது. நெற்றியில் ஒரு கோடு இல்லை. வயிற்றைத் திறந்து மூடிய தையல் இன்னும் காயாத ஒருத்தியின் முகத்தில், கடைசிவரை தேடியும், அவனுக்குச் சுழியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

"தம்பி, கிளம்புங்க. நீங்க நிக்கிற வரைக்கும் அவளால அழக்கூட முடியாது," என்றாள் அக்காள்.

வெளியே வந்தான். கதவு அவனுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. பெஞ்சிலிருந்து தாயார் தலை நிமிர்த்தினார்.

"என்னடா சொல்றா? ரொம்ப வலிக்குதாமா?"

"தெரியலம்மா."

"உனக்கே தெரியலைன்னா அப்புறம் என்ன இருக்கப் போவுது? ஒண்ணும் இருக்காது," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் தாயார். "வா, கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்."